மெதுவாக ஓடச் சொன்ன டிரைவ்

தென்காசியில் சுலைமானின் டிவிடி கடையில் லேபிள் ஒட்டும் வேலை பேச்சியம்மாளுக்கு. அன்று, மலைப் பள்ளிகளுக்கான இருநூற்றைம்பது பாட டிவிடிகள் நாலு மணி வேனில் ஏறியாக வேண்டும். நண்பகல் வரை நூறுகூடத் தேறவில்லை.

கடையில் டிவிடி பதியும் ஐந்து டிரைவ்களையும் விற்ற ஏஜெண்ட் தணிகாசலம் உதட்டைப் பிதுக்கினார். "இது எட்டு வேக டிரைவ். தலைகீழா நின்னாலும் இதுக்கு மேல ஓடாது. பதினாறு வேக டிரைவ் கொண்டாந்திருக்கேன், அஞ்சு வாங்கிப் போடுங்க."

"ரெண்டையும் கழற்றிப் பார்க்கவா சார்?" என்றாள் பேச்சியம்மாள்.

"லேபிள் ஒட்டுற உனக்கு என்ன தெரியும்? தாராளமா பாரு!" என்று சிரித்தார் அவர்.

பார்த்தாள். மோட்டார், லென்ஸ், சிப் எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. வேகத்தைத் தீர்மானிக்க சிப்புக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் மட்டும்தான் வேறு. புதியதில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் எடுத்து, பழைய டிரைவ்கள் ஐந்திலும் ஏற்றினாள். அடுத்த டிவிடி பாதி நேரத்தில் வந்து விழுந்தது. போட்டுப் பார்த்தால், பாடம் தங்குதடையில்லாமல் ஓடியது.

தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "எங்க டிரைவை என்னம்மா பண்ணினே?"

"அது வேகமா ஓடுறதுதான் சார். நீங்கதான் மெதுவா ஓடச் சொல்லி வச்சிருந்தீங்க."

சுலைமான் புது டிரைவை எடுத்து அவர் பைக்குள்ளேயே வைத்தார். மூன்றே முக்காலுக்குக் கடைசிப் பெட்டியும் வேனில் ஏறியது.

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "இது இந்தக் கடையோட இருக்கட்டும்மா."

"கஷ்டம் சார். பக்கத்துக் கடைக்காரங்க நாலு பேர் டிரைவைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க."