உபதேசியாரம்மாவும் நாலு வகை அரிசியும்

ஒரு ஊர்ல ஒரு உபதேசியாரம்மா இருந்தா. காலை ஆட்டாம படு, அப்பத்தான் சொல்லுவேன். ஊரு பூரா செம்மண்ணும் பனைமரமும். பாதிரி ஐயரு மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பாரு. மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் வேதக்கோயில்ல ஜெபம், பிரசங்கம், அறிவிப்பு எல்லாம் உபதேசியார் அப்பாத்துரைதான். அவரு பொண்டாட்டிதான் நம்ம ஞானப்பூ. கதைக்கு ம் கொட்டு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். எந்த வீட்லயும் உலையில அரிசி போடுறதுக்கு முந்தி ஒரு பிடி அள்ளித் தனியா ஒரு கலயத்துல போட்டுடுவாங்க. அது கர்த்தருக்கு. ஞாயித்துக்கிழமை அந்தக் கலயத்தைத் தூக்கிட்டு வந்து கோயில் பெட்டியில சளசளன்னு கொட்டுவாங்க. அந்தப் பெட்டி அரிசிதான் உபதேசியார் வீட்டுச் சாப்பாடு. வேற வருமானம் கிடையாது.

கேட்டா அப்பாத்துரை, "கர்த்தர் பார்த்துக்குவார்"ம்பாரு. சொல்லிட்டு வேதப்புஸ்தகத்தைத் திறந்து வச்சிக்கிட்டு உக்காந்துடுவாரு. அவருக்கென்ன. கர்த்தர் கொடுத்ததை வேகவைக்கிறது ஞானப்பூதானே.

அந்த அரிசி எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு வீட்டுப் புழுங்கல், ஒரு வீட்டுப் பச்சரிசி, ஒரு வீட்டு ரேஷன் அரிசி, ஒரு வீட்டுச் சம்பா. எல்லாம் ஒரே பெட்டியில. அடுப்புல வச்சா பச்சரிசி கொழகொழன்னு கூழாகும், சம்பா கல்லு மாதிரி முழிச்சிக்கிட்டு நிக்கும். அதனால தினமும் முறத்துல, அதான் சொளவுல, கொட்டி, நொறுங்கின குருணையைப் புடைச்சுத் தள்ளிட்டு, மிச்சத்தைப் பிரிச்சு, பிரிச்சதை வேற வேற நேரத்துல உலையில போடுவா. கழுத்து வலிக்கும், கண்ணு பூத்துப்போகும். அப்புறம் ஒரு நாள் பொறுமை போச்சு. இனிமே எல்லாரும் புழுங்கல் மட்டும் கொண்டுவரணும்னு அறிவிப்புல சொல்லுங்கன்னு புருஷனைப் பிடிச்சுக்கிட்டா. கர்த்தர் கொடுக்கிறதுக்கு நாம வகை சொல்லக்கூடாதுன்னு அவரு மென்னு முழுங்கினாரு. இவ விடல. அவரும் சொல்லிட்டாரு.

சொன்னதுல ஒண்ணும் தப்பில்லைன்னுதான் இவ நினைச்சா. ஆனா பொம்பளைங்க பக்கம் பார்த்தா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு ஒருத்தியும் நிமிரல. ம் எங்கே?

அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தா, அடியில ஒரு வண்டு கரகரன்னு ஓடுது. வேற ஒண்ணுமில்ல. புழுங்கல் இல்லாத வீட்டுக்காரி, நம்ம அரிசிதான் ஆகாதேன்னு வரல. புழுங்கல் இருக்கிறவ, ஊருக்கே நான் மட்டுமா சுமக்கணும்னு வரல.

அப்போ ஞானப்பூ முதல்ல பனங்கிழங்கை அவிச்சுப் போட்டா. பிள்ளைங்க ரெண்டும் தின்னுச்சுங்க. அப்புறம் முருங்கைக்கீரையைத் தாளிச்சு வச்சா. மூஞ்சியைச் சுளிச்சிக்கிட்டுத் தின்னுச்சுங்க. அப்புறம் அதுவும் இல்ல. சாயங்காலம் சும்மா உலையை மட்டும் வச்சா. தண்ணி தளதளன்னு கொதிக்குது. சின்னவ எட்டிப் பார்த்துட்டு, அம்மா அரிசி போட மறந்துட்டியான்னு கேட்டா.

அப்பாத்துரை புஸ்தகத்துலருந்து தலையைத் தூக்காமலே, "கர்த்தர் பார்த்துக்குவார்"னாரு.

"பார்த்துக்கிட்டுதான் இருக்காரு. நான் பேசினதையும் சேர்த்துதான் பார்த்தாரு"ன்னா ஞானப்பூ. ஒரு கூடையை எடுத்து இடுப்புல வச்சா. தெருவுல இறங்கினா. வாயால கெட்டதை வாயாலதானே சரிபண்ணணும். கூச்சமா இருந்தாலும் நடந்தா.

முதல் வீடு பாக்கியத்தாய் வீடு. ஒரு பிடி அரிசி வேணும், எந்த அரிசியானாலும் சரின்னு கேட்டா. எங்க வீட்ல ரேஷன் அரிசி, வாடை அடிக்கும், உபதேசியாரம்மா பானைக்கு ஒத்துக்காதேன்னா அவ. ஞானப்பூ கூடையை நீட்டினா. பாக்கியத்தாய் விருட்டுனு உள்ளே போனா. வந்தா பாரு, கையில கலயம். கழுத்து வரைக்கும் அரிசி.

"ஏ பாக்கியம், இது எப்போ போட்டது?"

"தினம் போட்டதுதான். போடாம அடுப்பைப் பத்தவைக்க கை வரல. கொண்டாரத்தான் மனசு வரல."

அப்புறம் ரெண்டாவது வீடு, மாடிவீட்டுத் தங்கபுஷ்பம். அங்கேயும் கலயம் நிறைஞ்சு வழியுது. கர்த்தருக்குன்னு எடுத்ததை எடுத்துத் தின்னவும் பயம், விட்டுக்கொடுக்கவும் வீம்பு. ஞானப்பூவை நல்லா ரெண்டு பேச்சு பேசிட்டு, கொடகொடன்னு கூடையில கவுத்தா.

மூணாவது, ஊர்க்கோடியில மாசிலாமணி ஆச்சி. இவளைக் கண்டதும் ஆச்சி கலயத்தை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு, இது குருணை, கோழிக்குப் போடுறது, உங்களுக்குக் கொடுக்க வெக்கமா இருக்குன்னா. அப்பத்தான் ஞானப்பூவுக்கு நெஞ்சுல சுருக்குனு பட்டுது. இந்தக் குருணையைத்தானே இத்தனை நாளும் சொளவுல புடைச்சுத் தள்ளினோம்னு.

"என் பிள்ளைங்களும் கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டுதான் நிக்குதுங்க ஆச்சி. போடுங்க."

ஆச்சி போட்டா. தூங்கிட்டியா? சரி, இன்னும் கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்தா தண்ணி பாதி வத்திப்போச்சு. ஒரு செம்பு ஊத்தினா. கல்லை மட்டும் அரிச்சு எடுத்துட்டு, பிரிக்கல, புடைக்கல, எல்லாத்தையும் ஒண்ணா உலையில போட்டா. குருணை குழைஞ்சு பசையாச்சு, சம்பா வேகாம நின்னுச்சு. பிள்ளைங்க வழிச்சு வழிச்சுத் தின்னுச்சுங்க. அப்பாத்துரை ஒரு வாய் வச்சாரு. கடக். மெதுவா நிமிர்ந்து பொண்டாட்டியைப் பார்த்தாரு.

"என்ன பார்வை? கர்த்தர் கொடுத்தது. மென்னு தின்னுங்க."

மென்னு தின்னாரு. அப்புறம், வர்ற ஞாயிறு அறிவிப்புல ஏதாவது மாத்திச் சொல்லணுமான்னு கேட்டாரு. ஒரு மண்ணும் சொல்ல வேண்டாம்னு சட்டியைக் கழுவக் கிளம்பிட்டா. அந்த ஞாயித்துக்கிழமை அவ தலையைக் குனிஞ்சு கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. பின்னால பெட்டியில ஒவ்வொரு கலயமா விழற சத்தம், சளசள, சளசளன்னு. எந்த வீட்டு அரிசின்னு திரும்பிப் பார்க்கவே இல்ல.

சட்டி கழுவியாச்சு, கதையும் கவுத்தாச்சு. கண்ணை மூடு.