மேலக்கொம்பூர் சங்கத்துக்குப் புதுப் பெட்டி வந்த கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. இது மேலக்கொம்பூர்க்காரங்க கதை. சத்தமாச் சொன்னா அவங்க காதுல விழும். விழுந்தா கோபப்பட மாட்டாங்க. "அப்படியா, அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு அவங்களே வந்து உக்காந்துடுவாங்க. பிறகு நமக்கு இடம் இருக்காது.

மேலக்கொம்பூரில் ஒரு பால் சங்கம். சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். யார் எத்தனை லிட்டர் பால் ஊத்தினார்கள், அதில் கொழுப்பு எத்தனை சதம், எல்லாம் அதில்தான் ஏறும். ரொம்பப் பழசு. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு வந்தால் அப்போதுதான் முழித்துப் பார்க்கும்.

சங்கத்துத் தலைவி பேச்சியம்மா. நல்ல மனுஷி, சொன்ன சொல் மாறாதவள். செயலாளர் செல்லக்கனி. எதையும் இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் தலையாட்டுவார். மூன்றாவது ஆள் அரியநாயகம். ஊரிலேயே அறிவாளி அவன்தான். ஒரு தடவை மதுரைக்குப் பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்திலேயே இறங்கியவன். அன்றிலிருந்து ஊர் அவனைக் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை.

ஒருநாள் மேலிடத்திலிருந்து போன் வந்தது. "பழைய சிஸ்டத்துக்கு இனிமே பாதுகாப்பு கிடையாது. புது சிஸ்டம் போடணும். அதைப் பழைய பெட்டி தாங்காது, அதனால பெட்டியும் புதுசு. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவாங்க. அன்னைக்கு அது வேலை செய்யணும், தலைவி அதுல கைரேகை வைக்கணும். இல்லேன்னா உங்க சங்கத்தைக் கீழக்கொம்பூர் சங்கத்தோட சேர்த்துடுவோம்."

போனை வைத்ததும் பேச்சியம்மா அரியநாயகத்துக்கு ஆள் அனுப்பினாள். ஏனென்றால் கீழக்கொம்பூர்ச் சங்கத் தலைவர் தளவாய் அவளுக்குச் சம்பந்தி. பேரன் காதுகுத்தில் அவளை முதல் பந்தியில் உட்கார வைக்காமல் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார். அதுவும் பாயசம் தீர்ந்தபிறகு. "இனிமே கீழக்கொம்பூர் எல்லைக்குள்ள என் கால் படாது"ன்னு இலையை மூடிவிட்டு வந்தவள். சங்கத்தைச் சேர்த்துவிட்டால் தினமும் காலையில் தூக்குவாளியோடு தளவாய் முன்னால் வரிசையில் நிற்கணும்.

"ஏ அரியநாயகம், என் மானம் உன் கையில இருக்குப்பா" என்றாள்.

"கவலைப்படாதீங்க அத்தை. பெட்டிதானே? மாத்திருவோம்."

புதுப் பெட்டி வந்து இறங்கியது. டவுன் மெக்கானிக் ஞானதுரை போனில் சொன்னார்: "அண்ணாச்சி, பழசு முப்பத்திரண்டு பிட்டு. புதுசு அறுபத்துநாலு. பழைய பெட்டியில இருக்கறதை ஒண்ணு விடாமப் புதுசுக்கு மாத்தணும். ரெண்டையும் பக்கத்துல எடுத்து வைங்க, நான் வந்துருதேன்."

வைத்தார்கள். வைத்தபிறகு சும்மா இருக்க முடியுமா? ஒரு பாத்திரத்தில் இருப்பதை இன்னொரு பாத்திரத்துக்கு மாத்துவது அவர்கள் தினமும் செய்கிற வேலை. பழைய பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, புதுசைக் கீழே வைத்து, நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள், வடிகட்ட. செல்லக்கனி பழசைப் பதமாகச் சாய்த்தார்.

ஒரு கரப்பான் பூச்சி விழுந்தது. துணியில் நின்றுவிட்டது.

"நல்லவேளை, வடிகட்டினோம்" என்றார் செல்லக்கனி.

பேச்சியம்மாவுக்கு ஒரு சந்தேகம். "ஏப்பா, பழசு முப்பத்திரண்டுதான பிடிக்கும். புதுசு அறுபத்துநாலுல்லா. முழுசா ஊத்தினாலும் பாதிதான நிறையும்? அதிகாரி வந்து குறைகுடமா இருக்கேன்னு கேட்டா?"

"மீதிக்குத் தண்ணி சேத்துக்கிடுவோமா?" என்றார் செல்லக்கனி.

"சீ, வாயைக் கழுவும்! நம்ம சங்கத்துல தண்ணி கலக்குற பேச்சா?" என்றாள் பேச்சியம்மா.

அரியநாயகம் கண்ணை மூடி யோசித்தான். "தண்ணி கலக்குறது வேற, அலசி ஊத்துறது வேற. கேன்ல ஒட்டியிருக்கிற பாலை அலசி ஊத்துறோம்லா? அது கலப்படமா?"

"இல்லை."

"அப்ப பழசை அலசுங்க. ஒண்ணு விடாமன்னு அந்த ஆள் சொன்னாருல்லா. ஓரத்துல எவ்வளவு ஒட்டியிருக்கோ!"

இரண்டு குடம் தண்ணீர் விட்டு அலசினார்கள். மூன்றாவது குடத்தில் தண்ணீர் தெளிந்து வந்தது. இனிமேல் உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் திருப்தி. அலசின தண்ணீரைப் புதுசில் ஊத்தக் குடத்தைத் தூக்கும்போதுதான் ஞானதுரை உள்ளே நுழைந்தார்.

குடத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வாசல் படியில் போய் உட்கார்ந்தார். ஒரு சொம்பு மோர் குடித்தார். பிறகு எழுந்து வந்தார். நல்ல மனுஷன், முந்தின வாரம் வந்தபோதே பழைய பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார். கட்டை விரல் பெரிசு இருக்கும் அது.

"அம்புட்டும் இதுக்குள்ளயா இருக்கு?" என்று செல்லக்கனி கேட்டார்.

"ஆமா."

"சுண்டக் காய்ச்சியிருக்கீய!"

ஞானதுரை அதைப் புதுப் பெட்டியில் செருகி, புது சிஸ்டத்தையும் ஏறவிட்டார். "இங்க பாருங்க, சதம் ஓடுது. நூறு வர்றவரைக்கும் ஆஃப் பண்ணிராதீங்க. பண்ணினீங்க, எல்லாம் போச்சு. வேற எதையும் தொடவும் வேண்டாம், அலசவும் வேண்டாம்." சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்கு ஓடினார். நூறு வந்தபிறகு ஆஃப் பண்ணலாமா என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வந்து பார்த்தால் நாற்பத்தேழில் நிற்கிறது.

செல்லக்கனி இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "நாற்பத்தேழு சதமா! நம்ம எருமைப் பால்லயே கொழுப்பு ஏழு சதத்தைத் தாண்டினது இல்லையே. நாற்பத்தேழுன்னா அது பாலே இல்லையே!"

"நூறு வரணும்னாருல்லா" என்றாள் பேச்சியம்மா.

"நூறு வந்தா அது நெய் தாயி."

"நெய்யின்னா கெட்டா போயிரும்? வரட்டும்."

இந்தச் சமயத்தில்தான் கரண்ட் போனது. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று நிறுத்துவார்களே, அது. இனி சாயங்காலம்தான் வரும். பெட்டிக்குக் கீழே இருந்த யுபிஎஸ் "கீ... கீ..." என்று கத்த ஆரம்பித்தது.

"கன்னுக்குட்டி மாதிரி கத்துதே. தாகமா இருக்குமோ?" என்றார் செல்லக்கனி.

"யாரும் தண்ணி காட்டாதீங்க!" என்றான் அரியநாயகம். அறிவாளி அல்லவா, ஒரு தடவை பட்டால் போதும் அவனுக்கு. "அது பாட்டரி தீரப்போகுதுன்னு கத்துது. கரண்ட் இருக்கற இடத்துக்கு எடுத்துட்டுப் போகணும். கீழக்கொம்பூர் லைன் வேற. அங்க கரண்ட் இருக்கு."

பேச்சியம்மா முகத்தில் ஈயாடவில்லை. "அந்த ஆளு சங்கத்துக்கா?"

"பெட்டிதான அத்தை போகுது? நீங்க எல்லையில நின்னுக்கிடுங்க. பெட்டி என்ன, அவங்க வீட்டுல கை நனைச்சுட்டா வரப்போகுது?"

பெட்டியை ஒருவர் தூக்க, திரையை ஒருவர் தூக்க, கத்துகிற யுபிஎஸ்ஸை அரியநாயகம் இடுப்பில் வைத்துக்கொள்ள, வயல் வரப்பில் ஊர்வலமாகப் போனார்கள். பெட்டி ஆஃப் ஆகாமல் எரிந்துகொண்டே போனது. எல்லையில் பேச்சியம்மா நின்றுவிட்டாள்.

கீழக்கொம்பூர்ச் சங்கத்தில் தளவாய் இருந்தார். அவரும் கொம்பூர் மண்ணுதானே. "சம்பந்தி வீட்டுப் பெட்டியா? வாங்க, உள்ள வாங்க" என்று அதற்குத் தலை வாசலைத் திறந்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பியும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். வயரைச் செருகியதும் கத்தல் நின்றது. அப்படியே ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று ஏறி, மத்தியானம் நூறு வந்தது. மேலக்கொம்பூர் மாடுகள் முதற்கொண்டு எல்லாம் புதுப் பெட்டியில் வரிசையாக நின்றன.

அதிகாரியம்மா மேலக்கொம்பூர் போய், பூட்டின சங்கத்தைப் பார்த்து, விசாரித்து விசாரித்துக் கீழக்கொம்பூர் வந்து சேர்ந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "நல்லா வேலை செய்யுதே. தலைவி எங்க? கைரேகை வைக்கணும்."

"எல்லையில நிக்காங்கம்மா. உள்ள வரமாட்டாங்க."

"அப்ப பெட்டியை அங்க கொண்டு போங்க."

"ஆஃப் பண்ணக்கூடாதும்மா. பாட்டரியும் தீந்துட்டு."

"நூறு வந்தாச்சுல்ல, இனிமே ஆஃப் பண்ணலாமே?"

செல்லக்கனி சிரித்தார். "அப்படின்னு ஞானதுரை சொல்லலியே."

அதிகாரியம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் போயிருவேன். அதுக்குள்ள ரேகை விழலேன்னா ரெண்டு சங்கமும் ஒண்ணுதான்."

அரியநாயகம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எல்லைக்கு நடந்தான். அங்கே ரோட்டோரம் இரும்புக் கம்பியில் "கீழக்கொம்பூர்" என்று ஊர்ப்பலகை. அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சங்கத்துக்கு அந்தப் பக்கம் நட்டான்.

"இப்ப வாங்க அத்தை. இது வரைக்கும் நம்ம ஊருதான்."

பேச்சியம்மா பலகையைத் தள்ளி நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். சரியாக இருந்தது. தலை நிமிர்ந்து நடந்து வந்தாள். உள்ளே தளவாய்க்குத்தான் பதற்றம். "அப்ப நான் எந்த ஊர்ல நிக்கேன்? வீட்டுக்குப் போகணும்னா பஸ் ஏறணுமா?" அதிகாரியம்மாவிடம் கேட்டார். அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் படியில் கால் வைக்கப்போன பேச்சியம்மா நின்றாள். "அந்த ஆளு பெட்டிக்குப் பக்கத்துல நிக்காரே. அவரு நிக்கிற இடம் எதுவானாலும் எனக்குக் கீழக்கொம்பூர்தான். நான் வரமாட்டேன்."

எல்லோரும் அரியநாயகத்தைப் பார்த்தார்கள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

அவன் ஓடிப்போய்ப் பலகையை மறுபடி பிடுங்கினான். சங்கத்துக்குள்ளே கொண்டுவந்தான். பெட்டிக்கும் தளவாய்க்கும் நடுவில், சிமெண்டுத் தரையைக் கடப்பாரையால் இடித்துக் குழி தோண்டி, பலகையை நட்டு, மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினான். நிமிர்ந்து பார்த்தால், தளவாயின் வலது கால் கட்டைவிரல் மட்டும் பலகையைத் தாண்டி மேலக்கொம்பூருக்குள் இருந்தது.

அரியநாயகம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னான்: "மாமா, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க ஊருக்குள்ள ஒரு எட்டு தள்ளி நில்லுங்க."