மூன்று தரம் கூப்பிட்டவர்

கூழ் மடம் என்றால் அந்தக் கரிசல் சீமையில் தெரியாதவர் கிடையாது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உச்சிப்பொழுதில் கூழை இறக்கியதும் உட்கார்ந்து குடித்துவிட முடியாது. ஒருவர் வாசலுக்குப் போய், "பசித்தவர் உண்டா?" என்று மூன்று தரம் கூவ வேண்டும். வந்தவருக்கு ஊற்றிய பிறகுதான் மடத்தார் குடிக்கலாம். அழைப்பில்லாமல் யாரும் உள்ளே வருவதும் இல்லை. அழைப்புக் கேட்டு வருகிறவர் அங்கே விருந்தாளி, கையேந்துகிறவர் அல்ல.

கூவுகிற வேலை சீடர் ஆவுடையப்பனுடையது. ஐம்பத்தைந்து வயது. தொண்டையைத் திறந்தால் இரண்டு ஊருக்குக் கேட்கும். குரு உலகம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இவர் குருவை 'அம்மை' என்பார். குரு இவரை 'அண்ணாச்சி' என்பார்.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம். ஒரு நாள் தானியக் குலுக்கைக்குள் கையை விட்டார் ஆவுடையப்பன். அடி தட்டியது. நேரே குருவிடம் போனார்.

"கடவுள் பாத்துக்கிடுவான்னு சொல்லுதீகளே அம்மை, எப்படிப் பாப்பான்? கம்பு நாலஞ்சு நாளைக்குத்தான் இருக்கு."

உலகம்மை அதைக் கேட்டபடியே பக்கத்து ஊரில் காய்ச்சலில் கிடந்த ஒருத்தியைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் உச்சியில் ஆவுடையப்பன் வாசலுக்குப் போனார். வழக்கத்தை விட முடியுமா? விடவில்லை, மகராசன். தரையைப் பார்த்தபடி மூன்று தரம் கூப்பிட்டார். வாசலில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை, அப்படி ஒரு குரல். யாரும் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கூப்பிட்டாச்சு, வரவில்லை, அதற்கு நாம் என்ன செய்ய என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். இரண்டாம் நாளும் இதே கதைதான். மூன்றாம் நாள் இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே புளியமரத்தடியில் உலகம்மை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாடக்கண்ணு வேளாரும் அவர் பெண்சாதியும். மடத்துக் கூழ்ப்பானை அந்த வேளார் கையால் வனைந்தது. மூன்று பேர் உதடும் காய்ந்து வெடித்திருந்தது.

"எப்ப வந்தீக அம்மை?"

"உச்சிக்கு முன்னாலயே வந்துட்டேன்."

"உள்ள வந்திருக்கலாமே?"

"நீரு கூப்பிடலையே, அண்ணாச்சி."

"கூப்பிட்டேன். மூணு தரம்" என்றார்.

வேளார்தான் அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார். மூன்று நாளாகத் தாங்கள் உச்சிக்கு இங்கே வந்து உட்காருவதாகவும், அண்ணாச்சி வாசலில் நின்று வாயை அசைப்பது தெரிந்ததாகவும், பாவம், மனுஷனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதாகவும் சொன்னார். குரல் தேறியதும் கூப்பிடுவார், அதுவரைக்கும் பொறுப்போம் என்று பெண்சாதியைத் தேற்றி வைத்திருந்தாராம்.

நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ஆவுடையப்பன் தாங்கியிருப்பார். இந்தப் பரிவில் உடம்பெல்லாம் கூசிற்று. மத்தியானம் குடித்த அந்த இரண்டாவது கிண்ணம் நெஞ்சிலேயே நின்றது. வேளார் முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல வேளாரே" என்றார் கடைசியில். "குலுக்கையைப் பாத்துப் பயந்துட்டேன். யாருக்கும் கேட்டிரக் கூடாதுன்னுதான் அப்படிக் கூப்பிட்டேன்."

வேளார் தலையைக் குனிந்துகொண்டார், தப்புச் செய்தவர் தாம்தான் என்பதுபோல. அவர் பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உலகம்மை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு, அண்ணாச்சி?"

"வாறவுகளுக்கெல்லாம் ஊத்தினா ரெண்டு நாளைக்கு."

"அப்ப ரெண்டு நாளைக்குக் கூப்பிடும். இப்பப் போயி வாசல்ல நின்னு எங்கள்ல இருந்து ஆரம்பியும்."

ஆவுடையப்பன் நகரவில்லை. "மூணாம் நாள், அம்மை?"

"மூணாம் நாள் 'பசித்தவர் உண்டா'ன்னு நம்மளக் கூப்பிட வேண்டியவன் கடவுள்" என்றார் உலகம்மை. "அவன் உம்மை மாதிரி முனங்க மாட்டான்."