கழுவாத ஜாடி

"முதல்ல கெடுத்தவன் நாச்சிமுத்துங்க."

மடத்துச் சமையல்கட்டில் எண்ணெய் டின்னை இறக்கி வைத்ததும் செக்குக்காரர் செங்கோடன் சொன்ன முதல் பேச்சு இதுதான். கும்பிடுகூடப் பிறகுதான் போட்டார்.

தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். அதை விட்டுவிட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிட்டார். செங்கோடனைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் செங்கோடன் வேறு யாரிடமும் யோசனை கேட்பதில்லை.

"உக்காருங்கண்ணா. யாரு நாச்சிமுத்து?"

"சித்தப்பன் மவன். திருவிழாவுல ஊரே கூடி நிக்கறப்ப, செங்கோடன் எண்ணெயில பாமாயில் கலந்திருக்குன்னு சொல்லிட்டான். கோயில் விளக்குக்கு நான் குடுத்த எண்ணெயத் திருப்பி என் கையிலேயே குடுத்தாங்க."

"கலந்தீங்களா?"

"ஒரு சொட்டு இல்லைங்க. அது அவனுக்கும் தெரியும்."

அம்மா தலையாட்டினார். செங்கோடன் எண்ணெயில் கலப்படம் இல்லை என்பது அந்தச் சமையல்கட்டுக்கே தெரியும்.

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்தேன். அங்க வாயே திறக்காம நின்னியே, நீயெல்லாம் ஒரு மவனான்னு குமரவேலக் கேட்டேன். அவன் உள்ள போயி, குழம்புல உப்பில்லைன்னு மருமவ கோகிலாகிட்டப் பாஞ்சான். நல்ல குழம்புங்க அது. நானே ரெண்டு தடவ ஊத்திச் சாப்பிட்டேன். அந்தப் புள்ள கொழந்தையத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருச்சு. இப்ப சம்பந்தி போன எடுக்கறதில்லை. பேத்தி குரலக் கேட்டே ரொம்ப நாளாச்சு."

"அடடா."

"இத்தனைக்கும் நாச்சிமுத்துதான் காரணம். அவன் அதே சபையில வந்து, தான் சொன்னது பொய்னு சொல்லணும். அதுவரைக்கும் என் வீடு ஒண்ணு கூடாதுங்க. நீங்க அவனக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

அம்மா கீரையை ஒதுக்கி வைத்தார். எழுந்து போய் மூலையில் இருந்த ஜாடியை எடுத்தார். அடியில் பழைய கடலை எண்ணெய் கொஞ்சம் கிடந்தது. செங்கோடன் கொண்டுவந்த டின்னைச் சாய்த்து, புது எண்ணெயை அதற்குள் ஊற்றப் போனார்.

செங்கோடன் பாய்ந்து டின்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்கம்மா பண்றீங்க? கழுவாத ஜாடியில ஊத்துவாங்களா? இந்தக் காறல் நாத்தம் புதுசையும் பிடிச்சுக்கும்."

"எப்படிப் பிடிக்கும்?"

"எப்படின்னு யாருக்குத் தெரியும். பிடிக்கும்."

"எண்ணெய்ல இருக்கிற மூலக்கூறு எலக்ட்ரானை ஜோடி ஜோடியா வெச்சிருக்கும்ணா. சூடோ வெளிச்சமோ பட்டு, எங்கயோ ஒண்ணுல ஒரு ஜோடி பிரிஞ்சுபோகும். மிச்சம் ஒத்தையா நிக்கும். ஒத்தையா நின்னா அதால சும்மா இருக்க முடியாது. காத்தையும் சேத்துக்கிட்டு, பக்கத்துல இருக்கறதுகிட்டப் பிடுங்கும்."

"பக்கத்துல இருக்கறது?"

"இப்ப அது ஒத்தை. அது அடுத்ததுகிட்டப் பிடுங்கும்."

"அடுத்தது என்ன பண்ணுச்சு பாவம்?"

"ஒண்ணும் பண்ணலை."

செங்கோடனுக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. தொடையில் தட்டினார்.

"அதத்தான் நானும் சொல்றேன். முதல்ல பிரிச்சுவிட்டவனப் பிடிக்கணும்."

அம்மா ஜாடியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாத்து, இதுல முதல்ல கெட்டது எதுன்னு சொல்லுங்க."

செங்கோடன் மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜாடியைத் தள்ளினார். எல்லாம் ஒரே நாற்றம்.

அம்மா பரணிலிருந்து இன்னொரு ஜாடியை இறக்கினார். மூடியைத் திறந்ததும் செங்கோடன் முகம் மலர்ந்தது.

"நல்லெண்ணெய். போன வருசம் நான் குடுத்ததுங்க. இன்னும் எப்படி மணக்குது பாருங்க."

"இதுலயும் காத்து படுது. இதுலயும் ஒத்தை உண்டாகுது. ஏன் கெடலை?"

"நான் கருப்பட்டி போட்டு ஆட்டினது. கெடுமா?"

"கருப்பட்டி இல்லண்ணா."

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. கருப்பட்டி அவர் வீட்டுப் பெருமை. இருந்தாலும் கேட்டார்.

"பின்ன?"

"எள்ளுக்குள்ள ஒண்ணு இருக்கு. பிடுங்க வர்றதுக்கு இது தன்கிட்ட இருக்கறதக் குடுத்துரும். வந்தது அடங்கிரும். நம்ம உடம்புலயும் கொழுப்பு இருக்கில்ல? மூச்சு விடற நேரமெல்லாம் அங்கயும் இதே பிடுங்கல்தான். அங்கயும் இந்த மாதிரி சிலது இருக்கு. அதனாலதான் நீங்களும் நானும் காறாம உக்காந்திருக்கோம்."

செங்கோடன் சிரித்தார். பிறகு யோசித்தார். வியாபாரி அல்லவா, கணக்கு இடித்தது.

"குடுத்துட்டா அதுக்குக் குறையுமே?"

"குறையும்."

"அப்ப அதுவும் ஒத்தைதானே?"

"ஒத்தைதான்."

"அதுக்குத் திருப்பி யாரு குடுப்பா?"

"பக்கத்துல நெல்லிக்காய்ச் சத்து மாதிரி ஏதாச்சும் இருந்தா வந்து குடுக்கும். வராமலும் போகும்."

"வரலைன்னா? அதுவரைக்கும் அந்தக் குறைய எங்க வெச்சிருக்கும்?"

"ஒரே இடத்துல வெச்சாத்தான் குத்தும், பிடுங்கச் சொல்லும். அது தன் உடம்பு பூராவும் பரப்பி வெச்சுக்கும்."

"சரிங்க. அது யாருகிட்டப் பிடுங்கும்?"

அம்மா நல்லெண்ணெய் ஜாடியை மூடினார். காறல் ஜாடியையும் கொஞ்சம் சீயக்காயையும் அவர் கையில் கொடுத்தார். பிறகு கீரைக்குத் திரும்பிவிட்டார்.

செங்கோடன் கிணற்றடியில் குந்தி ஜாடியைத் தேய்த்தார். வெந்நீர் விட்டு மறுபடியும் தேய்த்தார். வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

வாசலில் குமரவேல் வண்டியில் காத்திருந்தான்.

"எண்ணெய் குடுக்க இவ்வளவு நேரமா? உங்களுக்கு வேற வேலையில்லைன்னா, எனக்குமா இல்லை?"

செங்கோடனுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சபையில் ஊமையாக நின்றவனுக்கு இங்கே வாய் நீளுதா என்று கேட்க வேண்டும். கேட்டால் தகும்.

நின்ற இடத்திலேயே நின்றார். மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடியும் போய் வந்தது.

"வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன்" என்றார்.

குமரவேல் தகப்பனை ஏற இறங்கப் பார்த்தான். பின்சீட்டுத் தூசியைக் கையால் தட்டிவிட்டான்.

செங்கோடன் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"கோகிலா ஊர் வழியா விடு. பேத்தியப் பாக்கணும். குழம்புல உப்பு இருந்துச்சுன்னு நீ அந்தப் புள்ளகிட்டச் சொல்லு. கொறச்சல் என்கிட்டத்தான்னு நான் சொல்லிக்கறேன்."

வண்டி உடனே கிளம்பவில்லை. குமரவேல் திரும்பாமலே கேட்டான்.

"அப்ப நாச்சிமுத்துச் சித்தப்பாவ விட்டுட்டீங்களா?"

"யாரு விட்டா? அவன் சபையில வந்து சொல்லணும். சொல்லியே தீரணும். அந்தப் பாக்கி என்கிட்ட இருக்கட்டும். நீ வண்டிய எடு."