கடைக்கோடி ஊரும் கோபுர முரசும்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டை மானகண்டன் என்ற அரசன் ஆண்டு வந்தான். மூக்கு நுனியில் கோபம்! அவன் ஆணைகள் கோபுர முரசின் வழியே ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் போகும். அடிகளைக் கேட்டே மக்கள் செய்தியைப் புரிந்துகொள்வார்கள்.

ஒருநாள் உடைந்த ஏரிக்கரையை அடைக்க வரச் சொல்லி முரசு முழங்கியது. எல்லா ஊராரும் வந்தார்கள். கடைக்கோடி ஊரான பனையடி மட்டும் வரவில்லை.

"எல்லாம் திமிர், மகாராஜா! நான் அடித்தால் வானமே அதிரும்" என்றார் முரசுத் தலைவர் பேரொலியார்.

"பனையடியை இடித்துத் தள்ளுங்கள்!" என்று கத்தினான் அரசன்.

அமைச்சர் திருக்கொழுந்து எழுந்தார். "ஒரே ஒரு காலைப்பொழுது பொறுங்கள். தப்பு அவர்கள் மேல் என்றால் நானும் அவர்களோடு நாட்டைவிட்டுப் போகிறேன். நாளை மாறுவேடத்தில் அங்கே போய் முரசைக் கேளுங்கள்."

அமைச்சர் தொலைந்தார் என்று பேரொலியாருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் மாட்டு வியாபாரியாகப் பனையடியில் நின்றான் அரசன். முரசு முழங்கியது. பால்குடி நாள் முதல் முரசுமொழி அறிந்தவன்தான். ஆனால் காதில் விழுந்ததோ வெறும் கடகடப்பு.

சற்று நேரத்தில் கோட்டைக் காவலர்கள் குதிரையில் பாய்ந்து வந்து அவனைக் கயிற்றால் கட்டினார்கள்!

"முரசு ஓய்றதுக்குள்ள வெளியூரான் எல்லாம் கிளம்பணும்னு ஆணை. நீ ஏன் போகல?"

"டேய், நான் அரசன்!"

"ஆமா, நான் அவருக்கு மாமன்! நடடா!"

அப்போது செங்கமலம் என்ற ஊர்க்காரி குறுக்கே பாய்ந்தாள். "விடுங்கய்யா! முரசு எங்களுக்கே புரியறதில்ல. பாவம், இவருக்கு எப்படிப் புரியும்?"

இவள் வீட்டையா இடிக்கச் சொன்னோம்! அரசன் தலைகுனிந்தான்.

பேரொலியாரோடு வந்து சேர்ந்த அமைச்சர் கட்டை அவிழ்த்தார். "மன்னியுங்கள் மகாராஜா, அந்த ஆணையை அடிக்கச் சொன்னவன் நான்தான். வேகமாக அடித்தால் பக்கத்து ஊருக்குச் செய்தி, தூரத்து ஊருக்கு இரைச்சல்."

"எல்லாவற்றையும் மெதுவாக அடித்தால் பொழுது சாய்ந்துவிடுமே!" என்று சீறினார் பேரொலியார்.

"எல்லாவற்றையும் எதற்கு? முக்கியமானதை மட்டும் ஓங்கி, நிறுத்தி நிறுத்தி அடியுங்கள். கடைசி ஊருக்கு அது போதும். நடுவே விவரங்களை மெல்லிய, விரைவான அடிகளாகச் சேருங்கள். கிட்டே இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கைவலியும் குறையும்."

அரசன் தன் முத்துமாலையை அமைச்சர் கழுத்தில் போட்டான். செங்கமலத்தைக் கைகூப்பி வணங்கினான். பிறகு பேரொலியார் பக்கம் திரும்பினான்.

"இனி உமக்குப் பனையடியில்தான் குடியிருப்பு. முரசை உம் ஆட்கள் அடிக்கட்டும். இங்கே உமக்குப் புரிந்தால்தான் அது என் ஆணை."