புன்னைத்திட்டின் கடைசி வீடு

புயலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். புன்னைத்திட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. 'அது' என்றே சொன்னார்கள். அது எங்கே இருக்கிறது, அது எப்போது வரும், போன வருஷம் போல இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டுப் போய்விடுமா என்று.

அன்று விடிந்ததிலிருந்து காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. வெயில் என்றும் சொல்ல முடியாது, நிழல் என்றும் சொல்ல முடியாது. மஞ்சள் கரைத்த தண்ணீருக்கு அடியில் ஊர் இருப்பது போல ஒரு வெளிச்சம். தட்டான்கள் ஆயிரக்கணக்கில் பறந்தன. ஒன்றுகூட எங்கும் உட்காரவில்லை.

வருவாய் ஆய்வாளர் தணிகாசலம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு மூன்றாவது தடவையாகத் தெருக்களைச் சுற்றினார். நாளை முற்பகலில் புயல் கரையைக் கடக்கும், இன்று மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் பாதுகாப்பு மையத்துக்கு வந்துவிட வேண்டும். குரல் தெருவின் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கியது. வாசலில் நின்றவர்கள் பக்கத்து ஊர்த் திருவிழா அறிவிப்பைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நான்கு புயல் பார்த்தவர். வட்டாட்சியர் செண்பகவல்லி அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர், அந்தத் தாலுகாவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் தணிகாசலம் மனதுக்குள் அவரைத்தான் குருவாக வைத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். செண்பகவல்லிக்கும் தெரியாது.

புன்னை மரத்தடியில் ஜீப் நின்றிருந்தது. தணிகாசலம் ஆட்டோவிலிருந்து இறங்கி அங்கே வந்தார்.

"மூணு தடவை சொல்லியாச்சு மேடம். ஒருத்தரும் நகரலை. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"ஆட்டோவை நிறுத்தச் சொல்லுங்க சார்."

ஆட்டோ நின்றது.

"மைக்கையும்."

மைக்கும் நின்றது. அதுவரை கேட்காத சின்னச் சின்னச் சத்தங்கள் கேட்டன. எங்கோ ஒரு பாத்திரம் கழுவும் சத்தம். ஒரு குழந்தை தனக்குத் தானே எண்ணிக்கொள்ளும் சத்தம். கடல் மட்டும் எதுவும் பேசவில்லை.

"நடக்கலாம்," என்றார் செண்பகவல்லி.

முதல் தெருவில் ஒருவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி அவர் எதிரே நின்றார். அவராகவே பேசட்டும் என்று காத்திருந்தார்.

"போன வருஷம் போனோம்மா," என்றார் அந்த மனிதர், வலையைப் பார்த்துக்கொண்டே. "அது வரலை. திரும்பி வந்து பாத்தா ரெண்டு வீட்டுல படகு இன்ஜின் இல்லை. புயல் எடுக்காததை எவனோ எடுத்துட்டான். படகு போனாலும் பரவாயில்லை, இன்ஜினை விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"ரெண்டு ஆள் தூக்கணும்."

செண்பகவல்லி திரும்பினார். "டிராக்டர் எத்தனை இருக்கு சார்?"

"மூணு இருக்கு மேடம். சாப்பாடு ஏத்திட்டு வர்றதுக்குன்னு வெச்சிருக்கோம்."

"சாப்பாடு அடுத்த நடையில வரட்டும். இப்ப இன்ஜினை ஏத்தலாம்."

தணிகாசலம் டிராக்டர்காரருக்குப் போன் போட்டார்.

மதியத்துக்குள் ஊரின் எல்லா இன்ஜின்களும் டிராக்டர்களில் ஏறின. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் சொந்தக்காரர் பெயர். டிராக்டர்கள் மெதுவாகப் போயின. அவற்றின் பின்னால் சொந்தக்காரர்கள் நடந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், குழந்தைகள், ஆடுகள். சாமி புறப்பாடு போலத்தான் இருந்தது, மேளம் மட்டும் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் இருந்த பாதுகாப்பு மையத்தின் தாழ்வாரத்தில் இன்ஜின்கள் வரிசையாக உட்கார்ந்தன.

மணி நான்கு ஆனபோது ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் புகை வந்தது.

கடைசி வரிசை. கடலுக்கு மிக அருகே இருந்த வீடு. தணிகாசலம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். "பச்சையம்மான்னு பேர். ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. பிள்ளைங்களைத் தன் அக்காவோட மையத்துக்கு அனுப்பிட்டாங்க. அவங்க மட்டும் வர மாட்டேங்கறாங்க. புருஷன் தேசப்பன், அவன் தம்பியோட கடலுக்குப் போயிருக்கான். எல்லாப் படகும் வந்துடுச்சு. அது ஒண்ணுதான் வரலை."

அவர்கள் அந்த வீட்டை நோக்கி நடந்தார்கள். மணலில் நண்டுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் ஏறிப் போயின. வானத்தின் ஓரம் செம்புப் பாத்திரத்தின் அடிப்பக்கம் போல ஆகியிருந்தது.

பச்சையம்மாள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்களைப் பார்த்தாள்.

"மைக்குல சொன்னது கேட்டுச்சும்மா. காது நல்லாத்தான் இருக்கு. அவரு வருவாரு. வந்தா இங்கதான் வருவாரு. நான் இல்லேன்னா எங்க போய்த் தேடுவாரு?"

செண்பகவல்லி வாசலில் நின்றார்.

"அவரு வந்துடுவாராம்மா?" என்று பச்சையம்மாள் கேட்டாள். "உங்களுக்குச் சேதி ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லை. எனக்குத் தெரியாது."

பச்சையம்மாள் தலையை அசைத்தாள். அன்று அவளிடம் வந்த எல்லோரும் தெரிந்தது போலப் பேசியிருந்தார்கள். வந்துவிடுவான் என்று சிலர். இனி வரமாட்டான் என்று முகத்தாலேயே சிலர்.

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "மேடம், கலெக்டர் ஆபீஸ்லேருந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு. போலீஸ்காரங்க ரெண்டு பேர் ஜீப்புகிட்ட இருக்காங்க. தூக்கி ஏத்திடலாம்."

"ஏத்தலாம். இருட்டினதும் இறங்கி இங்கதான் நடந்து வருவாங்க. அப்ப யார் கண்ணுலயும் பட மாட்டாங்க."

பிறகு செண்பகவல்லி செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார். அடுப்புக்கு இந்தப் பக்கம், பச்சையம்மாளுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க போங்க பச்சையம்மா. பிள்ளைங்க அங்க நீங்க இல்லாம இருக்கு. அவர் வந்தா நான் சொல்றேன்."

பச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க யாருன்னு அவருக்குத் தெரியாதே."

"சொன்னா தெரிஞ்சுக்குவார்."

சோறு பொங்கியது. பச்சையம்மாள் மூடியைத் தள்ளி வைத்தாள்.

"தண்ணி வரும்மா."

"வரும்."

"இந்த வீடு நிக்காது."

"நிக்காது."

தணிகாசலம் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு பெண்கள் ஒரு பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தட்டான்கள் ஒன்றும் இல்லை. எப்போது போயின என்று அவருக்குத் தெரியவில்லை. தூரத்தில், மிகத் தூரத்தில், யாரோ பெரிய துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் தொடங்கியிருந்தது.

நேரம் போனது. எவ்வளவு என்று பிறகு யோசித்தபோதும் அவரால் சொல்ல முடியவில்லை. பத்து நிமிஷம் இருக்கலாம். ஒரு வாழ்நாள் போலவும் இருந்தது.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்றாள் பச்சையம்மாள்.

"ஒரு பொண்ணு. ஒன்பதாவது படிக்கிறா."

"அது எங்க இருக்கு?"

"டவுன்ல, வீட்டுல."

"நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அது எங்க போய்த் தேடும்?"

செண்பகவல்லியின் கண்கள் கலங்கியதைத் தணிகாசலம் பார்த்தார். அதைப் பச்சையம்மாளும் பார்த்தாள்.

பச்சையம்மாள் அடுப்பிலிருந்து விறகை இழுத்தாள். தண்ணீர் தெளித்து அணைத்தாள். கஞ்சியை வடித்து, பானையை மூலையில் வைத்து மூடினாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செண்பகவல்லியின் முன்னால் வந்து நின்றாள்.

"எழுந்திருங்கம்மா. போலாம்."

செண்பகவல்லி உடனே எழவில்லை. "அவர் வந்தா?" என்று கேட்டார்.

பச்சையம்மாள் கடல் பக்கம் பார்த்தாள்.

"வந்தா தேடுவாரு. தேடட்டும். தேடினா கிடைக்கறதுக்கு நான் இருக்கணும்ல."

கையை நீட்டினாள். செண்பகவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்ததும், "கதவைச் சாத்தலையா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"திறந்தே இருக்கட்டும். உள்ளே சோறு இருக்கு."

ஜீப் கிளம்பியபோது முதல் காற்று வந்தது. சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பின.

மறுநாள் அது வந்தது. பாதுகாப்பு மையத்தின் மூன்று கூடங்களில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை, வெள்ளை மட்டும் இருந்தது. உலகத்தை யாரோ அழித்துவிட்டு மறுபடி வரையப் போவது போல. குழந்தைகள்கூட அழவில்லை. பச்சையம்மாள் இரண்டு மகள்களையும் மடியில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் காற்று அடங்கியது.

புன்னைத்திட்டில் கடைசி இரண்டு வரிசைகள் இருந்த இடத்தில் மணல் மட்டும் இருந்தது. அங்கே யாரும் எப்போதும் குடியிருக்காதது போல, வழவழவென்று. முன் தெருவில் கூரைகள் போயிருந்தன. பதினேழு படகுகள் உடைந்திருந்தன. மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் உயிரிழப்பு என்ற கட்டத்தில் தணிகாசலம் 'இல்லை' என்று எழுதினார். தேசப்பனையும் அவன் தம்பியையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

நான்காம் நாள் காலை ஒரு மீன் லாரி நெடுஞ்சாலையில் இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது. தேசப்பனும் தம்பியும். இன்ஜின் நின்றுபோய், நீரோட்டம் வடக்கே இழுத்து, ஆந்திரக் கரையில் ஒதுங்கியிருந்தார்கள். அங்கே எவரோ வேறு மொழியில் பேசிக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள்.

தேசப்பன் நேராகக் கடற்கரைக்குத்தான் போனான். மணலில் எந்த இடத்தில் தன் வீடு இருந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் நின்றான். பத்தடி தள்ளிப் போய் நின்றான். மறுபடி பழைய இடத்துக்கே வந்தான். உட்கார்ந்துவிட்டான். தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் ஓடிவந்து தோளைத் தொட்டு, மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

அவன் மையத்துக்குள் நுழைந்தபோது தணிகாசலம் அங்கேதான் இருந்தார். பச்சையம்மாள் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றிருந்தாள். அவனைப் பார்த்தாள். ஓடவில்லை. வரிசையும் கலையவில்லை. அவன் பக்கத்தில் வரும்வரை அப்படியே நின்றாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அவள் தட்டை அவன் கையில் கொடுத்தாள். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் அவன் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வீடுகளைக் கணக்கெடுத்துவிட்டுத் தணிகாசலமும் செண்பகவல்லியும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வானம் கழுவி வைத்தது போல இருந்தது. கடல் எதுவும் நடக்காதது போல மெல்ல வந்து போனது.

"ஒண்ணு கேக்கணும் மேடம்."

"கேளுங்க சார்."

"அன்னைக்கு அவங்க எழுந்திருக்கலைன்னா?"

செண்பகவல்லி கொஞ்ச தூரம் நடந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றார்.

கால்களுக்குக் கீழே ஈர மணல் அமுங்கியது. பச்சையம்மாள் சொன்ன வார்த்தை ஆறு நாளாகத் தணிகாசலத்தின் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. தூங்கும்போதும் கேட்டது.

"தேடினா கிடைக்கறதுக்கு நான் இருக்கணும்ல. எவ்வளவு பெரிய வார்த்தை மேடம். அடுத்த புயலுக்கு, வர மாட்டேன்னு சொல்ற வீட்டுல எல்லாம் இதையே சொல்லிடலாமா?"

"அது பச்சையம்மா வார்த்தை சார். அடுத்த வீட்டுல வேற இருக்கும்."

"அது என்னன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றார் செண்பகவல்லி. "அதுக்குத்தான் உட்கார்றது."