அம்மையின் தலையசைப்பு

பொதிகை மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் சிற்சபேசன் என்று ஓர் ஓதுவார் இருந்தார். கோயிலில் நாற்பது வருஷம் பதிகம் பாடியவர். சாமி முன்னால் பாடிப் பாடியே ஆயுள் கழிந்துவிட்டதே, ஒரு நாளாவது மனசு அடங்கி உட்கார்ந்தோமா என்ற ஏக்கம் வந்து, அறுபது வயதில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

ஆசிரமத்தின் குரு குழல்வாய்மொழி அம்மை. ஓதுவாரைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். அங்கே யாருமே அதிகம் பேசுவதில்லை.

வந்த அன்றே அம்மை அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். விடியற்காலையில் எல்லோரும் தியானத்தில் அமரும்போது ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாடி முடித்ததும் அவரும் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

மறுநாள் பாடினார். மலைப்பனி மெல்ல மண்டபத்துக்குள் வந்து விளக்கைச் சுற்றிக்கொண்டது. எதிரே இருந்த பதினொரு பேரும் ஒவ்வொருவராகப் பனிக்குள் கரைவது போலிருந்தது. இரண்டாவது அடியிலேயே அம்மை தலையசைத்தார்.

பாடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அதுவும் நாற்பது வருஷம் வௌவால்களுக்குப் பாடியவருக்கு! உச்சி குளிர்ந்து போயிற்று. அதே அடியை இன்னும் இழைத்துப் பாடினார். அம்மை மறுபடியும் தலையசைத்தார். ஓதுவார் இன்னொரு சுற்றுப் போய்வந்தார்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஆனால் கண்ணை மூடினால் அவருக்குள்ளே கச்சேரி ஓயவில்லை. மேலே போனபோது குரல் பிசிறியதோ? நேற்றைவிட இன்று அம்மை கூடுதலாக ரசித்தாரோ? மற்றவர்கள் முகம் தெளிந்து எழுந்து போவார்கள். இவருக்கு முழங்கால் வலிதான் மிச்சம்.

ஒருநாள் மாலை, இது நமக்கு வாய்க்காது என்று மூட்டையைக் கட்டிவிட்டார். விடைபெற ஆற்றங்கரைக்குப் போனார். அம்மை முட்டளவு தண்ணீரில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன்."

அம்மை திரும்பாமல் அடுத்த துணியை எடுத்தார்.

"என் பாட்டுல எல்லாரும் முங்கிப் போறாவ. எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் நடக்க மாட்டேங்கு?"

துணி அலசும் சத்தம் மட்டும் கேட்டது.

"இவ்வளவு பாடினவனுக்கு ஒரு வார்த்தை கூடக் கிடையாதா?"

கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சமையல்காரி பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"முதுகுக்குப் பின்னால நின்னு பேசினா அம்மைக்கு எப்படித் தெரியும்? உதட்டைப் பாத்துல்லா புரிஞ்சுக்கிடுவாவ. சின்ன வயசுலயே காது போயிட்டு. ஒரு வருஷமா இருக்கிய, தெரியாதாக்கும்?"

தெரியாதுதான். கைகூப்பி அம்மையின் முகத்துக்கு நேரே நின்று பேசியே பழகியவருக்கு எப்படித் தெரியும்? வேட்டி நனைவதுகூடத் தெரியாமல் தண்ணீரில் இறங்கி அம்மைக்கு எதிரே போய் நின்றார்.

"நான் பாடும்போது தலையசைச்சீங்களே, அம்மா?"

"ஆமா. எல்லாரும் அடங்கிட்டாவன்னு பாத்ததும் அசைப்பேன். போதும், நிறுத்துங்கன்னு."

"ஒரு வருஷமாவா?"

"தெனமும்."

ஓதுவாருக்கு மானமே போயிற்று. அழுகை முட்டியது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

"வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா எனக்காக நிறுத்தியிருப்பிய. இப்ப உங்களுக்காகல்லா கேக்குதிய. நாளைக்கு ஒருநாள் இருங்க. நான் தலையசைச்சதும் நிறுத்திருங்க."

விடிந்தது. அதே பனி, அதே விளக்கு. ஓதுவார் பாடத் தொடங்கினார். நாற்பது வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய இடம் ஒன்று அந்தப் பாட்டில் உண்டு. குரல் அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது அம்மை தலையசைத்தார்.

இன்னும் நாலே நாலு எழுத்து. விழுங்கிக்கொண்டார்.

குரல் நின்றது. ஆனால் அந்த அடி நிற்கவில்லை. யாரும் பாடாமலே அது மேலே போய்க்கொண்டிருந்தது. யார் பாடுவது என்று பார்த்தார். எங்கும் வெள்ளையாகப் பனி. கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவரையும் காணோம்.

கண் திறந்தபோது வெயில் மடிவரை வந்திருந்தது. மண்டபத்தில் யாரும் இல்லை. அம்மை மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஓதுவார் அம்மையின் கண் தம் முகத்தில் படும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பாதியிலேயே விட்டுட்டேனே, அம்மா. மீதிப் பாட்டு எங்க போச்சு?"

அம்மை சிரித்தார்.

"எனக்கு அந்த மீதி மட்டும்தானே கேக்கும், ஓதுவாரய்யா."